தேத்தண்ணி ஆறுவதற்குள்: ரஷ்ய நாவலும் ரொசல்லைத் தங்கச்சியும்

போன முறை ஒருவர் “ரஷ்ய நாவல் படிக்கலாமா?” என்று கேட்டிருந்தார். “படிக்கலாம்” என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு வந்து குவிந்த கடிதங்களை அள்ளி வைக்க இப்போது கொழுந்துச் சாக்கு தேவைப்படுகிறது. வட்டவளையில் மழை விட்டு அரை மணித்தியாலம்தான் ஆகிறது. அடுத்தது தொடங்குவதற்குள் முடிந்தவரை பார்ப்போம். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க.

கே: ஏ.எல். எழுதி முடித்துவிட்டேன். முடிவு வர மூன்று மாதம் ஆகும். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பழைய புத்தகக் கடையில் ‘போரும் வாழ்வும்’ மூன்று பாகமும் வாங்கி, கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். கட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. படிக்கவா, வேண்டாமா?
— ஒரு மாணவி, ரொசல்லை

ப: தங்கச்சி, முதலில் கணக்குப் பார்ப்போம். டால்ஸ்டாயின் மூலத்தில் 361 அத்தியாயம். நாளுக்கு நாலு என்று வைத்தால் 90 நாளில் 360 முடியும். மிஞ்சுகிற ஒன்றில் டால்ஸ்டாய் சரித்திரத் தத்துவம் பேசுகிறார். அதைப் பரீட்சை முடிவு வந்த பிறகு படித்தாலும் நட்டமில்லை. அத்தியாயங்களும் பெரிதில்லை. பலது நாலைந்து பக்கம்தான், அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்துக்குள் ஒன்று முடிந்துவிடும்.

சிரமம் நீளத்தில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது. கதை ஒரு பிரபு வீட்டு விருந்தில் தொடங்குகிறது. யாரென்றே தெரியாதவர்கள் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இவர் பெண்ணுக்குச் சித்தப்பா, அவர் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட மாமா என்று ஆள்மாற்றி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கல்யாண வீட்டில் என்ன செய்வீர்கள்? தலையை ஆட்டிவிட்டு இலையைப் பார்ப்பீர்கள். இங்கேயும் அதைச் செய்யுங்கள். வேண்டியவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், வேண்டாதவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆந்த்ரேய், பியேர், நத்தாஷா என்ற மூன்று பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரு பரீட்சையும் சொல்கிறேன், உங்களுக்குப் பழக்கம்தானே. ரொஸ்தோவ் வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, பதின்மூன்று வயது நத்தாஷா சிரிப்பை அடக்க முடியாமல், கவுனுக்குள் ஒரு பொம்மையை மறைத்துக்கொண்டு ஓடி வருவாள். அந்த இடம் வந்ததும் உங்களுக்கும் சிரிப்பு வந்தால் மூன்று பாகமும் உங்களுடையது. வராவிட்டால் மூடி வைத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து எடுங்கள். அதுவரை காகிதம் கெடாது. வட்டவளைப் பக்கமென்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், ரொசல்லையில் கொஞ்சம் வெயில் உண்டு.

கே: ரஷ்யர்கள் ஏன் இவ்வளவு நீளமாக எழுதினார்கள்? சுருக்கமாகச் சொல்லத் தெரியாதா?
— கினிகத்தேனை

ப: பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் மூன்று தடவை படித்தவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். காரணம் இரண்டுக்கும் ஒன்றே: தொடர்கதை. ‘ரஷ்யத் தூதன்’ என்று பொருள்படும் ஒரு சஞ்சிகையில்தான் இந்த நாவல்களில் பலது மாதாமாதம் வந்தன. அச்சுத் தாள் கணக்கில்தான் எழுத்தாளருக்குக் காசு. கடனில் முழுகியிருந்த தஸ்தயேவ்ஸ்கி எழுதும்போது தாள் எண்ணாமல் இருந்திருக்க மாட்டார். 1866இல் அந்த ஒரே சஞ்சிகையில் ‘குற்றமும் தண்டனையும்’ ஓடிக்கொண்டிருந்தது. ‘போரும் வாழ்வும்’ நாவலின் தொடக்கப் பகுதிகளும் வந்தன. அந்த வருடம் சந்தா கட்டியவன் கொடுத்து வைத்தவன்.

கே: பெயர்கள்தான் கொல்லுகின்றன. ஒரே ஆளுக்கு நாலு பெயர். எப்படி ஞாபகம் வைப்பது?
— ஒரு தோட்ட உத்தியோகத்தர், வட்டவளை

ப: செக்ரோல் எழுதுகிற கை இதைக் கேட்கலாமா? செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் அதே பெயர் வேறு எழுத்தில், லயத்தில் கூப்பிடுவது மூன்றாவது, தொழிற்சங்கச் சந்தாப் புத்தகத்தில் நாலாவது. நாலும் ஒரே கிழவிதான் என்று உங்களுக்குத் தெரியும், சேமலாப நிதி எடுக்கப் போகும்போது மட்டும் தெரியாது.

ரஷ்யப் பெயரின் நடுத்துண்டு வேறொன்றுமில்லை, நம்முடைய இனிஷல்தான். நாம் அப்பா பெயரை ஓர் எழுத்தாகக் குறுக்கி முன்னால் வைக்கிறோம். அவர்கள் முழுதாக விரித்து நடுவில் வைக்கிறார்கள். ரோதியன் ரொமானவிச் ரஸ்கோல்னிகவ் என்றால் ரொமானின் மகன் ரோதியன், குடும்பப் பெயர் ரஸ்கோல்னிகவ். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானவ்னா. அதே அப்பா, மகளென்பதால் வால் மாறுகிறது. அம்மா கூப்பிடும்போது அவன் ரோத்யா, தங்கை தூன்யா. மரியாதையாகப் பேசுகிறவர் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார், பொலிஸ்காரர் குடும்பப் பெயரைச் சொல்வார், அம்மா செல்லப் பெயரைச் சொல்வாள். இதைப் பிடித்துவிட்டால் யார் யாரோடு எப்படி என்பது கூப்பிடுகிற விதத்திலேயே தெரியும். நாம் ‘துரை’, ‘ஐயா’, ‘அண்ணே’, ‘டேய்’ என்று நாலு படியில் செய்வதை அவர்கள் பெயரை வைத்தே செய்கிறார்கள்.

கே: மனைவி ‘அன்னா கரீனினா’ படித்துக்கொண்டிருக்கிறார். என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பயப்பட வேண்டுமா?
— பெயர் வேண்டாம், ஹட்டன்

ப: விரல்களை நெட்டி முறிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அன்னாவின் கணவர் கரேனினிடம் அவளால் பொறுக்க முடியாத விசயங்களில் அதுவும் ஒன்று. காதுகள் துருத்திக்கொண்டிருந்தால் அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

கே: பிரபுக்களும் இளவரசிகளும் விருந்து சாப்பிட்டுக்கொண்டு பிரெஞ்சு பேசுகிற கதை. தோட்டத்து ஆளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இந்தப் புத்தகங்களை நம் பிள்ளைகளிடம் கொடுப்பது நேர விரயம் என்பது என் கருத்து.
— ஒரு தொழிற்சங்கக்காரர், நோர்வூட்

ப: தோழர், உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சொல்கிற விருந்து உண்மை. ஆனால் அந்த விருந்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், நாவல் நம்ம பிரட்டுக்களத்துக்கு வந்து நிற்கும்.

கோகோல் 1842இல் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் பெயரைத் தமிழில் ‘செத்த ஆன்மாக்கள்’ என்று சொல்லலாம். அந்தக் காலத்து ரஷ்யாவில் பண்ணையடிமைகளை எண்ணும் சொல்லே ஆன்மாதான். ‘அவருக்கு முந்நூறு ஆன்மா’ என்றால் முந்நூறு ஆள் அவருடைய சொத்து. குடிசன மதிப்பு பல வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். நடுவில் ஆள் செத்தாலும் அடுத்த மதிப்பு வரைக்கும் காகிதத்தில் உயிரோடு இருப்பான், அவன் தலைக்குப் பண்ணைக்காரர் வரி கட்ட வேண்டும். இங்கேதான் சிச்சிக்கோவ் என்றொரு நாசூக்கான ஆள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறான். செத்தவர்களை எனக்கு விற்றுவிடுங்கள் என்கிறான். காகிதத்தில் உயிரோடிருக்கிறவர்களை வாங்கி, உயிருள்ள ஆட்களென்று காட்டி அடகு வைத்துக் காசு பார்ப்பது திட்டம்.

ஒரு கிழவி, விலை குறைவாகப் போய்விட்டதோ என்று பயந்து, செத்த ஆளுக்கு இப்போது சந்தை விலை என்னவென்று விசாரிக்கப் பட்டணத்துக்கே போகிறாள். இன்னொரு பண்ணைக்காரன், செத்தவன் எவ்வளவு கெட்டிக்காரத் தச்சன் தெரியுமா, இவன் போட்ட அடுப்பைப் பார்த்திருக்கிறீரா என்று புகழ்ந்தே விலையை ஏற்றுகிறான்.

இதை ஹட்டனில் படிக்கிறவனுக்கும் பாரிஸில் படிக்கிறவனுக்கும் ஒரே மாதிரி சிரிப்பு வருமா? நாம் ஒரு நாள் உழைப்புக்கு வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள்: பேர். முழுப் பேர், அரைப் பேர். “இன்றைக்குப் பேர் போட்டாங்களா?” என்றுதான் அம்மா கேட்பாள், சம்பளம் கிடைக்குமா என்று கேட்கமாட்டாள். அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த ஆளின் தலையை எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் கையில் துண்டு வேண்டும். அதில் அவன் கடன் எழுதியிருக்கும், புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல். கடனோடு சேர்த்து ஆளைக் கைமாற்றுகிற இந்த ஊருக்குச் சிச்சிக்கோவ் வந்திருந்தால், வண்டியை அவிழ்த்துவிட்டு இங்கேயே தங்கியிருப்பான்.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழித்தது 1861இல். அதற்குப் பிறகு அந்த விவசாயிகள், தாங்கள் உழுத நிலத்துக்கே மீட்புப் பணம் என்று தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள், 1907இல் அதை நிறுத்தும் வரை. டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ 1899இல் வந்தது. அதில் நெஹ்லூதவ் என்ற பிரபு மனம் மாறி, நிலத்தைக் குறைந்த குத்தகைக்கு உங்களுக்கே விட்டுவிடுகிறேன் என்று விவசாயிகளைக் கூட்டிச் சொல்கிறான். யாரும் கைதட்டவில்லை. இதில் என்ன சூது இருக்கிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இங்கே ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று மேடை போட்டு எத்தனை பேர் சொன்னார்கள்? நம்ம சனம் முதலில் கேட்டது “உறுதி எப்ப கைக்கு வரும்?” என்றுதானே. அந்த அத்தியாயத்தை உங்கள் மாவட்டக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எழுதியவர் பிரபு என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம் என்றால் நீங்களாவது படியுங்கள்.

கே: அப்படியானால் முதலில் எதை எடுப்பது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
— ஓர் ஆசிரியை, கொட்டகலை

ப: ‘அன்னா கரீனினா.’ ரயில்பாதையோரம் குடியிருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அன்னா கதைக்குள் வருவதே கோச்சியில். நான் அதில் பாதியை வட்டவளை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து படித்தேன். மேடைக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகி, பக்கத்திலிருந்த கொட்டைப்பாக்கு மூட்டை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நின்றார். எஞ்சின் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்தது. சைபீரியாக் குளிரெல்லாம் தேவையில்லை, அந்தப் பக்கங்களுக்கு அது போதும்.

இந்த நாவலில் அன்னாவின் கதையை மட்டும் படித்துவிட்டு, லெவின் என்ற பண்ணைக்காரனின் விவசாய அத்தியாயங்களைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. பட்டணத்துக்காரர்கள் தாண்டட்டும், நீங்கள் தாண்டாதீர்கள். லெவின் ஒரு நாள் தன் ஆட்களோடு சேர்ந்து புல் அறுக்கப் போகிறான். முன்னால் ஒரு கிழவர், பின்னால் இவன், நிரை நிரையாக. முதலில் முதுகு வலிக்கிறது, கை தடுமாறுகிறது. பிறகு அரிவாள் தானாகப் போவது மாதிரி ஒரு நிலை வருகிறது, நேரம் போவதே தெரியவில்லை. மத்தியானம் அந்தக் கிழவர் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, உப்புத் தூவிக் கொடுக்கிறார். லெவினுக்கு அது அமிர்தமாக இருக்கிறது. மலையில் பத்து மணிக்கு ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் சாப்பிட்டவர்களுக்கு அந்த ருசியை யாரும் விளக்க வேண்டாம். நிரை பிடித்து வேலை செய்கிறவனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு கிட்டே போய் எழுதியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த அத்தியாயத்தில் ஒரு சின்ன மழையும் வருகிறது. வியர்த்த முதுகில் சாரல் படச் சுகமாக இருக்கிறதாம். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். ஒரு நாள் அந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கான். அந்தத் தம்பிய படங்கு கட்டிக்கிட்டு ஆடி மாசம் நம்ம மலையில ஒரு நாள் நிக்கச் சொல்லு” என்றாள். டால்ஸ்டாய் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதை மேலேதான் வைப்பேன்.

கே: ஒரு புத்தகத்தையும் படிக்காமல், படித்த மாதிரி பேச ஒரு வழி சொல்லுங்கள்.
— நாவலப்பிட்டி

ப: யார் எந்த ரஷ்ய நாவலைப் பற்றிப் பேசினாலும் கொஞ்ச நேரம் யன்னலைப் பாருங்கள். பிறகு, “மொழிபெயர்ப்பில் அந்த ருசி வரவில்லை” என்று சொல்லுங்கள். படித்தவர் ஆமோதிப்பார். படிக்காதவர் பயந்துவிடுவார்.

கே: உண்மையிலேயே மொழிபெயர்ப்பில் ருசி வருமா? எந்த மொழிபெயர்ப்பு நல்லது?
— ஹட்டன்

ப: நாவலப்பிட்டிக்காரர் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறீர்களோ?

மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வழியாக வந்த ரா. கிருஷ்ணையாவின் ‘புத்துயிர்ப்பு’ தமிழ் இன்றைக்கும் பழுதில்லாமல் ஓடுகிறது. ‘அன்னா கரீனினா’வை நா. தர்மராஜன் செய்திருக்கிறார். ‘போரும் வாழ்வும்’ டி.எஸ். சொக்கலிங்கத்தின் உழைப்பு. தினமணியின் முதல் ஆசிரியராக இருந்தவர், அதனால் வாக்கியம் பத்திரிகைக்காரர் வாக்கியம், எங்கேயும் மூச்சு முட்டாது. ‘குற்றமும் தண்டனையும்’ எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பில் 2007இல் வந்தது. ‘இடியட்’ நாவலையும் அவரே ‘அசடன்’ என்று தமிழாக்கினார். ‘கரமசோவ் சகோதரர்கள்’ கவிஞர் புவியரசு. இதில் பலது ஆங்கிலம் வழியாக வந்தவை, இரண்டு கோச்சி மாறி வந்த சாமான்தான். கொஞ்சம் நசுங்கியிருக்கும், உடைந்திருக்காது.

வாங்குவதற்கு முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்க்குள் வாசித்துப் பாருங்கள். இரண்டு பேர் சண்டை போடுகிற இடமாக இருந்தால் நல்லது. சண்டை தமிழில் நடந்தால் வாங்கலாம். ‘முழுநாவலின் சுருக்கம், 120 பக்கம்’ என்று அட்டையில் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கதைச் சுருக்கம்தான் வேண்டுமென்றால் அதை நானே ஒரு தேத்தண்ணிக்குச் சொல்லுவேன்.

கே: அப்பாவின் தகரப் பெட்டியில் ‘புத்துயிர்ப்பு’ இருக்கிறது. மொஸ்கோவில் அச்சடித்தது. கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. முடிவு தெரியாமல் படிக்கலாமா?
— பொகவந்தலாவை

ப: தாராளமாக. நான் படித்ததும் அப்படித்தான். ஒரு வாசிகசாலையில் இரவல் வாங்கிய பிரதி. கடைசிப் பாரம் தையல் விட்டு எங்கேயோ போயிருந்தது. பன்னிரண்டு வருடம் எனக்கு முடிவு தெரியாது. நெஹ்லூதவ் தன் இளவயதில் கெடுத்துக் கைவிட்ட கத்யூஷாவை, பிறகு ஜூரியாக உட்கார்ந்து குற்றவாளிக் கூண்டில் பார்க்கிறான். அவளைத் தேடி சைபீரியா வரைக்கும் பின்னாலேயே போகிறான். இவ்வளவு தூரம் போனவனுக்கு வேறென்ன செய்வது? நானே இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டேன். இரண்டு பிள்ளை, ஒரு மாடு. பிறகு முழுப் பிரதி கிடைத்தது. கத்யூஷா அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கூட வந்த அரசியல் கைதி ஒருவரோடு போகிறாள். ஒரு வாரம் டால்ஸ்டாயோடு கோபமாக இருந்தேன். அப்புறம் யோசித்தால், அவளிடம் அவன் மன்னிப்புக் கேட்டது அவனுக்காக. அவள் அதைத் தெரிந்துவைத்திருந்தாள், எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த நாவலால் வந்த காசை டால்ஸ்டாய் எங்கே போட்டார் தெரியுமா? டுகோபோர் என்று ஒரு சனம். ஆயுதம் தூக்க மாட்டோம் என்று சொன்னதற்காக ஜார் அரசு வதைத்தது. 1899இல் அவர்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்புகிற செலவுக்குத்தான் இந்த நாவல் கூலி உதவியது. சனத்தைக் கப்பலேற்றுவது பற்றி நமக்கு வேறு விதமான அனுபவம். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து 5,25,000 பேரை அங்கே, 3,00,000 பேரை இங்கே என்று பிரித்ததில் யாரும் நாவல் எழுதிக் காசு கொடுக்கவில்லை.

அப்பா அந்தப் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார் என்றால் காணி உறுதிக்குச் சமமாக வைத்திருந்தார் என்று அர்த்தம். மொஸ்கோப் புத்தகங்கள் அநியாய மலிவு. கெட்டி அட்டை, நல்ல தையல், கோர்க்கியின் ‘தாய்’ முதல் பிள்ளைகளுக்கான படக்கதை வரை. சோவியத் யூனியன் 1991இல் போனதோடு அந்தக் கடையும் பூட்டப்பட்டது. வேப்பிலை வைத்துக் கட்டி வையுங்கள்.

கே: டால்ஸ்டாயா, தஸ்தயேவ்ஸ்கியா?
— டிக்கோயா

ப: டால்ஸ்டாய் மாசி மாதத்து வெளிச்ச நாள். அடுத்த தோட்டம் தெரியும், அதற்கடுத்தது தெரியும், சிவனொளிபாத மலையும் தெரியும். தஸ்தயேவ்ஸ்கி பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஆறு பேர், அடுப்புப் புகை, ஒருவரும் தூங்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது எல்லோருக்கும் தெரியும். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாவதுதான் சீக்கிரம் பழகும்.

கே: பாதியில் விட்டால் பாவமா? நைட் டியூட்டியில் படிக்க ‘கரமசோவ் சகோதரர்கள்’ எடுத்தேன். மடாலயத்துப் பகுதியில் நித்திரை வருகிறது.
— ஒரு தாதி, டிக்கோயா

ப: அதே இடத்தில் நானும் இரண்டு தடவை விழுந்தவன். முதல் தடவை இருபத்தொரு வயது, சோசிமா துறவி உபதேசம் தொடங்கியதும் புத்தகத்தை மூடினேன். இரண்டாம் தடவையும் அதே பக்கம். மூன்றாம் தடவை மழையில் கம்பம் சாய்ந்து நாலு நாள் கரண்ட் இல்லை, வேறு வழியில்லாமல் தாண்டினேன். தாண்டியதும் என்ன நடந்தது தெரியுமா? அந்த மகான் செத்துப்போகிறார். அற்புதம் நடக்கும் என்று ஊரே காத்திருக்க, பிணம் நாற ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

விட்டுவிடுவது பாவமில்லை. விட்ட பக்கத்தில் ஒரு பஸ் டிக்கட்டை வைத்துவிடுங்கள். அடுத்த தடவை எடுக்கும்போது பக்கமும் தெரியும், அந்தக் காலத்துக் கட்டணமும் தெரியும்.

நைட் டியூட்டிக்கு இப்போதைக்கு டால்ஸ்டாயின் சின்னக் கதைகள் போதும். ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?’ இருபது பக்கம்தான், நோயாளி மணி அடிப்பதற்குள் முடியும். (ஏழு பேர்ச் என்று அந்தக் கதையில் விடை இல்லை.)

கே: ரஷ்ய எழுத்தாளர் யாராவது இந்த நாட்டுக்கு வந்ததுண்டா?
— தலவாக்கலை

ப: செகாவ் வந்தார். சைபீரியாவுக்கு அப்பால் சஹாலின் தீவில் கைதிகளைக் கணக்கெடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கினார். ரயிலேறிக் கண்டி வரை வந்தார். நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது சொர்க்கமாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே ஏறி லயங்களைப் பார்த்திருந்தால் கணக்கெடுக்கும் புத்தகத்தை மறுபடி திறந்திருப்பார். அவ்வளவு நேரம் இல்லை, நமக்கு அதிர்ஷ்டமும் இல்லை. ‘குசேவ்’ என்ற கதையை இங்கேதான் தொடங்கினார். போகும்போது கீரிப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனார். கீரியென்று நம்பி வாங்கியதில் ஒன்று மரநாய். செகாவையே ஏமாற்றிய வியாபாரி கொழும்பில் இருந்திருக்கிறான்.

புனின் 1911இல் வந்தார். கொழும்பு ரிக்‌ஷாக்காரன் ஒருவனை வைத்து 1914இல் ‘சகோதரர்கள்’ என்றொரு கதை எழுதினார். 1933இல் இலக்கிய நோபல் பரிசு வாங்கினார், ரஷ்யர்களில் அவர்தான் முதல் ஆள். இரண்டு பேருமே நீளமாக எழுதாதவர்கள் என்பதைக் கினிகத்தேனை வாசகர் கவனிக்கவும்.

கே: ரஷ்ய நாவல்களில் எந்நேரமும் தேத்தண்ணி குடிக்கிறார்களே, அது நம்ம கொழுந்தா?
— தேயிலை ஸ்டோர் தொழிலாளி, கினிகத்தேனை

ப: திகதியைப் பாருங்கள். ரஸ்கோல்னிகவ் தேத்தண்ணி குடித்தது 1866இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அதுவரை இந்த மலையில் கோப்பிதான். கோப்பியைச் சாகடித்த இலைநோய் இங்கே வந்த 1869இல்தான் அங்கே ‘போரும் வாழ்வும்’ எழுதி முடிந்தது. ஆகவே நத்தாஷாவும் ரஸ்கோல்னிகவும் குடித்தது சீனத்துத் தேயிலை. ஒட்டகத்திலும் பனிவண்டியிலும் சைபீரியா வழியாக மாதக்கணக்கில் போனது. 1899இல் நெஹ்லூதவ் குடித்த கோப்பைக்கு மட்டும் நாம் உரிமை கொண்டாடிப் பார்க்கலாம். எந்த மலைக் கொழுந்து என்று டால்ஸ்டாய் எழுதவில்லை.

கே: நம்ம ஆட்கள் எழுதிய நாவல் இருக்க, இந்த ரஷ்யா எதற்கு?
— மஸ்கெலியா

ப: நியாயமான கோபம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974), சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ மூன்றையும் படிக்காமல் டால்ஸ்டாய் பேசுகிற மலையகத்தானை நானும் நம்பமாட்டேன். மூன்றுக்கும் சேர்த்து நாலு ஞாயிற்றுக்கிழமை போதும். படித்து முடித்ததும் ஓர் ஆசை வரும் பாருங்கள்: இது ஏன் இத்தனை பக்கத்தோடு நின்றுவிட்டது? நாலு தலைமுறை, இரண்டு நாடு, ஒரு கப்பல் கதை ஆயிரம் பக்கத்துக்கு ஓடாதா?

டால்ஸ்டாய்க்கு யஸ்னயா பொல்யானாவில் பண்ணை இருந்தது. ஆறு வருடம் ஒரு நாவலோடு உட்கார முடிந்தது. அவர் கிறுக்கிய பக்கங்களை மனைவி சோஃபியா திரும்பத் திரும்பக் கையால் பிரதி எடுத்துக் கொடுத்தார். சி.வி. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் அவருக்கு வாக்களித்த சனமே நாடற்றவர்களானது. அவருடைய நாவலின் பெயர் ‘வீடற்றவன்’ என்றிருப்பதில் ஆச்சரியமில்லை, அதற்கிடையில் நாவல் எழுதினாரே என்பதுதான் ஆச்சரியம்.

மஸ்கெலியாவில் யாராவது அந்த ஆயிரம் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். பிரதி எடுக்க நான் வருகிறேன், கையெழுத்து மோசமில்லை.

கே: முதலில் எழுதிய ரொசல்லை மாணவிதான் திரும்பவும் எழுதுகிறேன். உங்கள் பதில் வருவதற்குள் பொறுக்க முடியாமல் கட்டைப் பிரித்துவிட்டேன். உள்ளே முதல் பாகம் ஒன்று, மூன்றாம் பாகம் இரண்டு. இரண்டாம் பாகம் இல்லை. அண்ணனிடம் கேட்டால் “மூணு புத்தகம் இருக்குல்ல?” என்கிறான். என்ன செய்ய?

ப: அண்ணன் மேல் தப்பில்லை, அவர் எண்ணிக்கை சரி. முதல் பாகத்தைத் தொடங்குங்கள், நாளுக்கு நாலு அத்தியாயம். அது முடிய எப்படியும் ஒரு மாதம் ஆகும். அதற்குள் பார்ப்போம். நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையில் யாரிடமாவது இரண்டாம் பாகம் மட்டும் இரண்டு இருந்தால், மழை படாமல் பொலித்தீனில் சுற்றி எனக்கு அனுப்புங்கள். பதிலுக்கு ஒரு மூன்றாம் பாகம் இருக்கிறது.